கழிவுநீர் வாசலைத் தாண்டாமல் இருக்க: கிராமத்து வீடுகளுக்குப் பயனுள்ள குறிப்புகள்

குடம் சுமந்து தண்ணீர் கொண்டுவந்த காலத்தில் கிராமத்து வீட்டில் கழிவுநீர் பெரிய பிரச்சினையாக இருந்ததில்லை. கொல்லையில் நாலு வாழை நிற்கும். பாத்திரம் கழுவிய தண்ணீர் அதற்கே காணாது. இப்போது வீட்டுக்கு வீடு குழாய் வந்துவிட்டது. 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் இயக்கத்தின் கணக்குப்படி ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 275 லிட்டர். இதில் முக்கால் பங்காவது குளித்த தண்ணீராக, துவைத்த தண்ணீராக, பாத்திரம் கழுவிய தண்ணீராகத் திரும்ப வெளியே வரும். 200 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், 15 லிட்டர் குடத்தில் பதின்மூன்று குடம். 200 வீடுள்ள ஊரில் தினமும் 40,000 லிட்டர் தெருவுக்கு வருகிறது. அது கடைசியில் போய்ச் சேருவது ஊரணிக்கோ வாய்க்காலுக்கோதான்.

இதற்குப் பாதாளச் சாக்கடையும் சுத்திகரிப்பு ஆலையும் வேண்டும் என்று கேட்கிறவர்கள் உண்டு. சின்ன ஊருக்கு அது வந்தாலும், மோட்டாருக்கு மின்கட்டணம் கட்டி, பழுது பார்த்து ஓட்டுவது ஊராட்சிக்குத் தாங்காது. மண்ணும் செடியும் மண்ணுக்குள் வாழும் நுண்ணுயிர்களும் அதே வேலையைச் செலவில்லாமல் செய்யும். அவை தாங்கும் அளவுக்கு, தாங்கும் வகையில் தண்ணீரைக் கொடுத்தால் போதும். ஒவ்வொரு வீட்டுத் தண்ணீரும் அந்தந்த வீட்டு எல்லைக்குள்ளேயே முடிந்துவிட வேண்டும் என்பதுதான் கீழே உள்ள எல்லாக் குறிப்புகளுக்கும் அடிப்படை.

1. வீட்டில் மூன்று வகைக் கழிவுநீர் உண்டு: அடுப்படித் தண்ணீர், குளியல் – துவையல் தண்ணீர், கழிப்பறைத் தண்ணீர். மூன்றையும் ஒரே குழாயில் சேர்க்க விடாதீர்கள். புது வீடு கட்டும்போது குழாய்ச் செலவு மிச்சம் என்று கொத்தனார் எல்லாவற்றையும் செப்டிக் டேங்கில் கொண்டுபோய் இணைத்துவிடுவார். பக்கத்தில் நின்று பாருங்கள். குளியல் தண்ணீர் வாளி வாளியாக உள்ளே பாய்ந்தால் டேங்கின் அடியில் படிய வேண்டிய மலம் படிய நேரமில்லாமல் கலங்கி வெளியேறும். சோப்புத் தண்ணீராக மட்டும் இருந்தால் வாழைக்குப் பாய்ச்சியிருக்கலாம். மலம் கலந்த பிறகு அத்தனை தண்ணீரும் நோய்த் தண்ணீர்.

2. அரிசி களைந்த தண்ணீர், வடிகஞ்சி, காய்கறி கழுவிய தண்ணீர் மூன்றும் கழிவே அல்ல. மாட்டுக்குக் கழனிப்பானை வைத்திருந்த வீடுகளில் இவற்றில் ஒரு சொட்டுகூட வாசல் பக்கம் போனதில்லை. மாடு இல்லாத வீட்டில் செடிக்கு ஊற்றுங்கள். கஞ்சித் தண்ணீர் சாக்கடைக்குள் போனால் ஒரே நாளில் புளித்து நாறும்.

3. தட்டிலும் சட்டியிலும் ஒட்டியிருப்பதை வழித்துப் போட்டுவிட்டுப் பிறகு கழுவுங்கள். பழைய சோறு, கறிவேப்பிலை, தேங்காய்ச் சக்கை எல்லாம் எருக்குழிக்குப் போகட்டும். உறிஞ்சு குழி அடைத்துக்கொண்டது என்று தோண்டிப் பார்க்கிற இடங்களில் மேல்கல்லில் பிசுபிசுப்பாகப் படிந்திருப்பது பெரும்பாலும் சோறும் எண்ணெயும்தான்.

4. வடை, முறுக்கு சுட்ட எண்ணெயைப் பாத்திரம் கழுவும் தொட்டி முற்றத்தில் ஊற்றக் கூடாது. தண்ணீரோடு சூடாகப் போகிற எண்ணெய் மண்ணுக்குள் ஆறி உறைந்து, தண்ணீர் இறங்கும் துளைகளை மூடிவிடும். சட்டியைச் சாம்பலாலோ பழைய செய்தித்தாளாலோ துடைத்துவிட்டுக் கழுவுங்கள்.

இதற்கு மேல் ஒரு காவல் வேண்டுமானால் 20 லிட்டர் பெயின்ட் வாளி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அடுப்படிக் குழாய் ஒரு பக்கம் மேலே நுழையட்டும். எதிர்ப்பக்கம் வெளியேறும் குழாயின் வாயில் ஒரு எல்போ பொருத்தி, அது கீழே பார்த்தபடி வாளியின் பாதி ஆழம்வரை இறங்க வேண்டும். எண்ணெய் மேலே மிதக்கும். பருக்கையும் மண்ணும் அடியில் தங்கும். நடுத் தண்ணீர் மட்டும் வெளியேறும். வாரம் ஒருமுறை மிதப்பதை வழித்து, அடியில் உள்ளதை அள்ளி எருக்குழியில் போடுங்கள். மூடி இறுக்கமாக இருக்கட்டும். இந்த வாளி இருக்கிற வீட்டுக் குழி, இல்லாத வீட்டுக் குழியைவிடப் பல வருஷம் கூடுதலாக உழைக்கும்.

5. சோப்புத் தூளை அள்ளிப் போடும் பழக்கத்தைக் குறையுங்கள். சலவைச் சோடாவிலும் சோப்புத் தூளிலும் சோடியம் உப்பு அதிகம். அது தொடர்ந்து பாய்ந்தால் களிமண் இறுகி, தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலேயே நிற்கும். செடியின் இலை ஓரம் கருகும். துவைக்கும்போது முதலில் வடிகிற தண்ணீரில்தான் சோப்பு முழுக்க இருக்கிறது. அதைக் குழிக்கு விட்டுவிட்டு, அலசின தண்ணீரை மட்டும் செடிக்குத் திருப்புகிறவர்கள் கெட்டிக்காரர்கள். ஆசிட், பிளீச்சிங் பவுடர், பினாயில் மூன்றையும் கழிப்பறையில் கண்டபடி ஊற்றாதீர்கள். குழிக்குள் மலத்தைச் செரிக்கிற நுண்ணுயிர்கள் செத்துவிடும். நீண்ட பிரஷும் கொஞ்சம் சோப்புமே பீங்கானுக்குப் போதும்.

6. குழி தோண்டுவதற்கு முன் உங்கள் மண் தண்ணீரை எவ்வளவு வேகத்தில் குடிக்கிறது என்று பாருங்கள். இந்தச் சோதனையைச் செய்யாமல் ஊர் முழுக்க ஒரே அளவில் குழி தோண்டியதால்தான் பல இடங்களில் குழி நிரம்பி வழிகிறது. பழி குழி மீது விழுகிறது.

செய்முறை எளிது. உறிஞ்சு குழியின் அடிமட்டம் வரப்போகிற ஆழத்தில், ஒரு அடி அகலத்துக்குச் சின்னக் குழி ஒன்று எடுங்கள். கடப்பாரையும் மண்வெட்டியும் பட்ட பக்கச் சுவர் பூசினாற்போல வழவழப்பாக இருக்கும். அதை ஒரு குச்சியால் கீறிவிடுங்கள், மண்ணின் கண் திறக்கட்டும். அடியில் இரண்டு அங்குலத்துக்குச் சிறு ஜல்லி போட்டு, ஒரு அடி உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, இரவு முழுக்க ஊறவிடுங்கள். காலையில் ஜல்லிக்கு மேல் அரை அடி நிற்கும்படி தண்ணீர் ஊற்றி, நடுவில் ஒரு அளவுகோலைச் செருகிக் கடிகாரத்தைப் பாருங்கள். ஒரு அங்குலம் இறங்க அரை மணிக்குள் ஆனால் உறிஞ்சு குழிக்கு ஏற்ற மண். அரை மணிக்கு மேல் ஒரு மணிக்குள் ஆனால் ஆழக் குழி வேண்டாம், நீளவாக்கில் ஆழமில்லாத வாய்க்கால் நல்லது. ஒரு மணிக்கு மேலும் இறங்கவில்லையா, அந்த மண்ணை நம்பிக் குழி போடாதீர்கள். 8ஆம் குறிப்புக்குப் போங்கள்.

7. உறிஞ்சு குழி: நீளம், அகலம், ஆழம் மூன்றும் ஒரு மீட்டர். சாதாரணக் குடும்பத்துக்கு, செம்மண்ணிலும் மணல் கலந்த மண்ணிலும் இது தாங்கும். வீட்டுச் சுவரிலிருந்து இரண்டு மீட்டராவது தள்ளி இருக்கட்டும். இல்லாவிட்டால் அஸ்திவாரம் ஈரம் குடிக்கும்.

அடியில் பெரிய கருங்கல், அதற்கு மேல் நடுத்தரக் கல், அதற்கு மேல் ஒன்றரை அங்குல ஜல்லி என்று அடுக்குங்கள். உடைந்த செங்கல், ஓடு போட்டாலும் தவறில்லை, ஆனால் நன்றாக வெந்ததாக இருக்க வேண்டும். வேகாத செங்கல் கரைந்து சேறாகிவிடும். மணல் வேண்டாம். கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் உள்ள இடம்தான் தண்ணீர் நிற்கிற இடம். மணல் போட்டால் அந்த இடம் போய்விடும். அடியில் சிமென்ட் போடவே கூடாது. சொல்லவே தேவையில்லாத விஷயம் என்று நினைப்பீர்கள். கணக்குக் காட்டுவதற்காகக் கட்டப்பட்ட குழிகளில் அடியைப் பூசி வைத்திருப்பதைப் பார்த்து மனம் நொந்துதான் எழுதுகிறேன்.

குழிக்கு முன்னால் ஒரு சிறு வண்டல் தொட்டி கட்டாயம் வேண்டும். ஒன்றரை அடிச் சதுரம் போதும். மண்ணும் முடியும் துணி நூலும் அதில் தங்கிவிடும். குழியின் மேலே பழைய சாக்கை விரித்து, பிறகு மண் போட்டு மூடுங்கள். சாக்கு மட்குவதற்குள் மேல்மண் இறுகிவிடும். திறந்த குழி கொசுவுக்கு வீடு, குழந்தைக்கு ஆபத்து.

8. காவிரிக் கடைமடையில் நாலடி தோண்டினால் தண்ணீர் ஊறும். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல், மழையில் ஊதி வெயிலில் வெடிக்கும். இந்த இரண்டு மண்ணிலும் குழிக்குப் பதிலாக வாழைப் பாத்தி போடுங்கள். இரண்டு மீட்டர் அகலத்தில், நடுவில் ஒன்றரை இரண்டு அடி மட்டும் பள்ளமான வட்டப் பாத்தி. தோண்டிய மண்ணைச் சுற்றிலும் வரப்பாகக் குவியுங்கள். பள்ளத்தில் தென்னை மட்டை, கரும்புச் சோகை, காய்ந்த குச்சி, இலைதழை போட்டு மேடாக நிரப்புங்கள். குழாய் அந்தச் சருகுக்கு அடியில் போய் முடிய வேண்டும். தண்ணீர் வெளியே தெரியக் கூடாது. வரப்பில் நாலு வாழை, இடையிடையே சேம்பு. வாழையிலை குடித்து ஆவியாக்கும் தண்ணீர் கணிசமானது. சருகு மட்கி அமுங்கிப்போகும். அவ்வப்போது மேலே புதிதாகப் போட்டுக்கொண்டே இருந்தால் சரி. மழைக்காலத்தில் வெளித்தண்ணீர் உள்ளே புகாதபடி வரப்பு உயரமாக இருக்கட்டும்.

9. குளியல் தண்ணீருக்கு வாழை, சேம்பு, கல்வாழை, தென்னை, வெட்டிவேர் எல்லாம் நன்றாக வரும். பப்பாளி கேட்கிறவர்கள் உண்டு. அதற்கு வேரில் தண்ணீர் நின்றால் அழுகிவிடும், மேட்டில் வையுங்கள். கீரை, கொத்தமல்லி, வெங்காயம், முள்ளங்கி இவற்றுக்கு இந்தத் தண்ணீர் படவே கூடாது. தண்ணீர் தொட்ட பாகத்தை நேராக வாயில் வைக்கிற பயிர் எதற்கும் வேண்டாம். குழந்தையின் மலத்துணி அலசிய தண்ணீரைக் கழிப்பறையில்தான் ஊற்ற வேண்டும். குழந்தை மலம் ஒன்றும் செய்யாது என்று நம் வீடுகளில் நினைக்கிறோம். அதில் கிருமி பெரியவர்களுடையதைவிடக் குறைவு என்று சொல்ல முடியாது.

10. குளியல் தண்ணீரைத் தொட்டியில் சேர்த்துவைத்து மறுநாள் பாய்ச்சலாம் என்று எண்ணாதீர்கள். ஒரு நாள் தாண்டினால் காற்றில்லாமல் அழுகி, கறுத்து, முட்டை நாற்றம் அடிக்கும். அன்றன்றைய தண்ணீர் அன்றன்றைக்கே மண்ணுக்குள் போய்விட வேண்டும்.

11. யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு அழுக்குத் தண்ணீரில்தான் முட்டையிடும். நம் வெயிலில் முட்டை கொசுவாகப் பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதும். வாரம் ஒருமுறை வீட்டைச் சுற்றி நடந்து, நிற்கிற தண்ணீர் ஒவ்வொன்றையும் வடித்துவிட்டால் அந்த வாரத்துக் கொசு அத்தனையும் பிறக்காமலே போகும். பலர் மறக்கிற இடம் ஒன்று உண்டு: செப்டிக் டேங்கின் காற்றுக்குழாய். மாலையில் அதன் வாயிலிருந்து கொசு கூட்டமாகப் புறப்படும். கொசுவலைத் துணியை நாலாக மடிக்காமல் ஒற்றையாகவே வைத்து, நைலான் கயிற்றால் குழாய் வாயில் இறுகக் கட்டுங்கள். ஐந்து ரூபாய்கூடச் செலவாகாது. அடியில் டேங்க் மூடியின் விளிம்பைச் சிமென்ட் குழம்பால் அடைத்துவிடுங்கள்.

12. புதிதாகக் கழிப்பறை கட்டுகிறவர்களுக்கு, நிலத்தடி நீர் ஆழத்தில் இருக்கும் ஊர்களில், நான் சொல்வது இரட்டைக் குழிதான். சுலப் நிறுவனத்தை 1970இல் தொடங்கிய பிந்தேஷ்வர் பாடக் பீகாரிலிருந்து நாடு முழுக்கப் பரப்பிய முறை இது. ஒரு மீட்டர் அகலத்தில், நாலடி ஆழத்தில் இரண்டு வட்டக் குழிகள்; இரண்டுக்கும் நடுவில் ஒரு மீட்டராவது இடைவெளி. சுவரில் செங்கலுக்குச் செங்கல் இடைவெளி விட்டுக் கட்டுவார்கள். கான்கிரீட் உறை இறக்கினால் துளையுள்ள உறையாகப் பார்த்து வாங்குங்கள். அடியில் பூச்சு கிடையாது. கழிப்பறையிலிருந்து வரும் குழாய் ஒரு சிறு தொட்டியில் இரண்டாகப் பிரியும். ஒரு வழியைச் செங்கல்லும் களிமண்ணும் வைத்து அடைத்துவிட்டு, ஒரு குழியை மட்டும் பயன்படுத்த வேண்டும். தண்ணீரும் வாயுவும் மண்ணுக்குள் போய்விடுவதால் இதற்குக் காற்றுக்குழாய்கூடத் தேவையில்லை.

முதல் குழி நிறைந்ததும் அடைப்பை மாற்றி இரண்டாவதற்குத் திருப்புங்கள். முதல் குழி மூடியபடி இரண்டு வருஷம் கிடக்கட்டும். திறந்தால் உள்ளே இருப்பது கறுப்பும் காப்பித்தூள் நிறமுமான பொலபொலத்த மண். கையில் ஒட்டாது, மழைக்குப் பிறகு வருகிற மண்வாசனை தவிர வேறு வாடை இருக்காது. 2017 பிப்ரவரியில் தெலங்கானாவின் கங்காதேவிபள்ளியில், மத்திய குடிநீர், துப்புரவுத் துறைச் செயலாளராக இருந்த பரமேஸ்வரன் ஐயர் தாமே அப்படி ஒரு குழிக்குள் இறங்கி மட்கியதை அள்ளிக் காட்டினார். ஊர் பார்க்க ஒரு அதிகாரி அதைச் செய்தது எனக்கு மிகப் பெரிய விஷயமாகத் தோன்றுகிறது. இந்த வேலை ஒரு சாதிக்கு உரியது என்று ஊறிப்போன எண்ணத்தை அரசாணையால் மட்டும் கரைக்க முடியாது. அந்த எருவை மண்வெட்டியால் நீங்களே எடுத்துத் தென்னைக்குப் போடலாம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள்; குடற்புழு முட்டை மற்றக் கிருமிகளைவிட நீண்ட நாள் தாங்கும், ஆகவே இரண்டு வருஷக் கணக்கைக் குறைக்காதீர்கள்.

இரண்டு குழியையும் ஒரே சமயத்தில் திறந்துவிட்டால் இந்த முறைக்கு அர்த்தமே இல்லை. இரண்டும் சேர்ந்து நிறையும். இரண்டும் பச்சையாக இருக்கும்.

13. செப்டிக் டேங்க் என்று நம் ஊரில் சொல்லப்படுவதில் பாதி, செப்டிக் டேங்கே அல்ல. அடியில்லாமல் உறை இறக்கிய ஆழக் குழியாக இருக்கும். அல்லது வெளிவழியே இல்லாத பெட்டியாக இருக்கும். உண்மையான டேங்கில் அடியும் சுவரும் பூசி, உள்ளே குறுக்குச் சுவர் வைத்து இரண்டு அறை இருக்க வேண்டும். முதல் அறை பெரியது, மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு. உள்ளே வரும் குழாயிலும் வெளியேறும் குழாயிலும் கீழே இறங்குகிற ‘டீ’ பொருத்த வேண்டும். வெளிவரும் தண்ணீர் தெருச் சாக்கடைக்குப் போகக் கூடாது. தெளிவாகத் தெரிந்தாலும் அதில் நோய்க்கிருமி அப்படியே இருக்கும். உறிஞ்சு குழிக்கோ ஜல்லி வாய்க்காலுக்கோ விடுங்கள்.

பெரிதாகக் கட்டினால் ஆயுளுக்கும் அள்ள வேண்டாம் என்று கொத்தனார் சொல்வதை நம்பிப் பணத்தைப் போடாதீர்கள். பத்துப் பதினைந்து வருஷம் அள்ளாத டேங்கின் அடிக்கசடு கல்லாக இறுகிவிடும். லாரியின் குழாய் மேல்தண்ணீரை மட்டும் உறிஞ்சிவிட்டு நிற்கும். அப்போதுதான் மண்வெட்டியோடு ஒரு ஆளை இறக்கலாமா என்ற பேச்சு வருகிறது. அளவான டேங்க் கட்டி, இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை லாரி வைத்து எடுத்துவிடுங்கள். எடுக்கும்போது சொட்டுவிடாமல் கழுவச் சொல்ல வேண்டாம். அடியில் கொஞ்சம் பழைய கசடு இருந்தால்தான் நுண்ணுயிர்கள் சீக்கிரம் பெருகும்.

14. எந்தக் காரணத்துக்காகவும் டேங்குக்குள் ஆளை இறக்காதீர்கள். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் உத்தரவிட்டிருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் இதைச் செய்யக் கூடாது. உள்ளே தங்கியிருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு கொஞ்சமாக இருந்தால் நாறும். அதிகமானால் மூக்கின் உணர்வையே மழுங்கடித்துவிடும். நாற்றம் இல்லையே என்று இறங்குகிறவர் ஓரிரு மூச்சில் மயங்குகிறார். அவரைத் தூக்க இறங்கிய தம்பியும், தம்பியைத் தூக்க இறங்கிய பக்கத்து வீட்டுக்காரரும் ஒருவர் பின் ஒருவராக இறந்த செய்திகளை வருஷா வருஷம் படிக்கிறோம். யாராவது உள்ளே விழுந்துவிட்டால் பின்னால் இறங்காதீர்கள். மூடிகளை எல்லாம் திறந்துவிட்டு 101க்கும் 108க்கும் அழையுங்கள். மூடி திறக்கிற இடத்தில் பீடி, தீக்குச்சி கூடாது; மீத்தேன் பற்றிக்கொள்ளும்.

15. லாரிக்காரரிடம் பணம் கொடுப்பதற்கு முன் ‘எங்கே கொண்டுபோய்க் கொட்டுவீர்கள்?’ என்று கேளுங்கள். பதில் தயங்கினால் பக்கத்து ஓடையிலோ ஏரிக்கரையிலோ கொட்டப்போகிறார் என்று அர்த்தம். செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழியில் 2017இலிருந்து மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் இயங்குகிறது. அதற்குப் பிறகு வேறு பல ஊர்களிலும் வந்திருக்கின்றன. கசடைப் பாத்தியில் வடிகட்டி உலர்த்துகிற எளிய முறைதான். உங்களுக்கு அருகில் எது என்பதை ஒன்றிய அலுவலகத்தில் கேட்கலாம். லாரிக்கு 14420 என்ற எண்ணிலும் விசாரிக்கலாம். பச்சைக் கசடை உரம் என்று வயலில் கொட்டச் சொல்லாதீர்கள். அடுத்த நாள் அங்கே வெறுங்காலோடு நடவு நடப்போகிறவர்கள் பெண்கள்.

16. கிணற்றுக்கும் மலக்குழிக்கும் பத்து மீட்டராவது இடைவெளி வேண்டும். மணற்பாங்கான நிலமென்றால் பதினைந்துக்கு மேல். கிணறு மேட்டிலும் குழி பள்ளத்திலும் இருக்கட்டும். குழியின் அடிக்கும் மழைக்கால நிலத்தடி நீர்மட்டத்துக்கும் நடுவில் இரண்டு மீட்டர் மண் இருந்தால்தான் கிருமி வடிபடும். அளக்கும்போது பக்கத்து வீட்டுக் கிணற்றையும் சேர்த்து அளந்து பாருங்கள். நிலத்தடி நீருக்கு வேலி தெரியாது.

தண்ணீர்ப் பரிசோதனைக்கு ஊராட்சியில் பயிற்சி பெற்ற மகளிர் இருப்பார்கள். சோதனைப் பெட்டியும் இருக்கும். சிறு குப்பியில் தண்ணீர் பிடித்து, வெதுவெதுப்பான இடத்தில் ஒன்றிரண்டு நாள் வைத்துப் பார்ப்பார்கள். கறுத்தால் மலம் கலந்திருக்கிறது என்று பொருள். அப்படி வந்தால் கொதிக்கவைத்துக் குடித்தபடியே குழியைக் கவனியுங்கள். நைட்ரேட் வேறு விஷயம். லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது இந்தியத் தரம். கொதிக்கவைத்தால் இது போகாது. தண்ணீர் வற்ற வற்ற அடர்த்தி கூடும். கைக்குழந்தைக்குப் பால்மாவு கரைக்க அந்தத் தண்ணீரைத் தொடாதீர்கள்.

17. கூரைத் தண்ணீரையும் வாசல் மழைத்தண்ணீரையும் கழிவுநீர்க் குழியில் விடாதீர்கள். ஒரு மழையில் குழி நிரம்பி மாதக்கணக்கான கசடு தெருவில் மிதக்கும்.

18. எத்தனை செய்தாலும் தெருக்குழாயடி, டீக்கடை, கொல்லை இல்லாத ஒட்டு வீடுகள் என்று கொஞ்சம் தண்ணீர் பொதுவில் வரத்தான் செய்யும். கொல்லை இல்லாத தெருக்கள் பெரும்பாலும் எவருடைய தெருக்கள் என்பது ஊருக்குத் தெரியும். பொது உறிஞ்சு குழி முதலில் அங்கேதான் வர வேண்டும். கிராம சபையில் அந்தத் தெருப் பெண்களே எழுந்து கேட்கும்படி மற்றவர்களும் துணைநில்லுங்கள்.

சாக்கடை ஊரணியைத் தொடும் இடத்துக்கு முன்னால் ஒரு கல்வாழைப் பாத்தி போடலாம். முதலில் வண்டல் தொட்டி. அடுத்து இரண்டடி ஆழத்தில் ஜல்லி நிரப்பி, அடியில் நீர் கசியாதபடி செய்த நீளப் பாத்தி. ஆளுக்கு ஒரு சதுர மீட்டருக்குக் குறையாத பரப்பு. தண்ணீர் ஜல்லிக்கு மேலே தெரியாமல் உள்ளேயே ஊர்ந்து மறுமுனைக்குப் போக வேண்டும். கல்வாழையும் நாணலும் வேர் விட்டுப் பரவிய பிறகு மறுமுனையில் வரும் தண்ணீரில் நாற்றம் அடங்கியிருக்கும். அதைத் தென்னைக்கோ தீவனப் புல்லுக்கோ விடுங்கள். முற்றிய தண்டை வெட்டுவதும் வண்டல் தொட்டியை அள்ளுவதும் யார் பொறுப்பு, அவருக்குக் கூலி எவ்வளவு, கையுறையும் காலணியும் யார் வாங்கித் தருவது என்று எழுதி முடிவு செய்த பிறகே கட்டத் தொடங்குங்கள்.

19. பணம் எங்கே என்று கேட்டால், தூய்மை பாரத இயக்கத்தின் இரண்டாம் கட்ட விதிகளில் 5,000 பேர் வரை உள்ள ஊருக்குக் கழிவுநீர் வேலைக்குத் தலைக்கு 280 ரூபாய் வரை என்றும், அதற்கு மேற்பட்ட ஊருக்கு 660 ரூபாய் வரை என்றும் வகுத்தார்கள். ஆயிரம் பேர் ஊருக்கு 2,80,000 ரூபாய். உங்கள் ஊருக்கு வந்ததா, எதில் செலவானது என்பதை மார்ச் 22, உலகத் தண்ணீர் தினக் கிராம சபையில் கேளுங்கள். சிமென்ட் கால்வாய் கட்டுகிறோம் என்று பதில் வந்தால், அந்தக் கால்வாய் எங்கே போய் முடிகிறது என்பதையும் கேட்டுத் தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள்.

20. குழியில் தண்ணீர் இறங்கவில்லை என்றால் உடனே புதுக்குழி தோண்ட வேண்டாம். ஓரிரு வாரம் தண்ணீரை வாழைப் பக்கம் திருப்பிவிட்டுக் குழியைக் காயவிடுங்கள். ஜல்லியையும் கல்லையும் எடுத்து வெயிலில் பரப்பி, காய்ந்த படிவைத் தட்டி உதிர்த்துக் கழுவுங்கள். குழியின் பக்கச் சுவரில் கறுப்பாகப் படிந்திருக்கும் வழவழப்பை இரண்டு அங்குல ஆழத்துக்குச் சுரண்டிவிட்டு மறுபடி அடுக்குங்கள். கோடையில், பங்குனி – சித்திரையில் இதைச் செய்வது நல்லது. வண்டல் தொட்டியை மாதம் ஒருமுறையும், ஐப்பசி மழைக்கு முன்னால் கட்டாயமாக ஒருமுறையும் அள்ளுங்கள். எது எங்கே புதைந்திருக்கிறது, குழாய் எந்தப் பக்கம் ஓடுகிறது, எந்தக் குழி எந்தத் தேதியில் மூடப்பட்டது என்பதைக் கழிப்பறைக் கதவின் உட்புறத்தில் பெயின்டால் எழுதி வையுங்கள். அடுத்து வருகிற கொத்தனார் கடப்பாரையை எடுப்பதற்கு முன் அதைப் படிப்பார்.